மீகடத்திக் கம்பியும் அதன் குறைகளும்: காந்தப்பாயப் பிணிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிப்புகளின் நிரலாகவே எழுதிவந்துள்ளனர். ஓர் ஆண்டு, ஒரு பெயர், ஒரு விதி என்னும் முறையில் அமையும் அத்தகைய வரலாறுகளில், கண்டுபிடிப்புக்கும் அதன் பயன்பாட்டுக்கும் இடைப்பட்ட காலம் வெற்றிடமாகவே விடப்படுகின்றது. அவ்விடைவெளி ஏன் நீண்டது, அதனை நிரப்பியவர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஆயின் ஒரு காலத்தின் அறிவுநிலையையும் உழைப்புமுறையையும் நன்கு துலக்குவன இவ்விடைவெளிகளேயாம்.

மீகடத்துதிறனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். சில உலோகங்கள் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மின்னோட்டத்துக்கான தடையை முற்றாக இழந்துவிடுகின்றன என்பது 1911இல் கண்டறியப்பட்டது. அத்தகைய கம்பியைச் சுருளாகச் சுற்றினால் வெப்பநட்டமின்றி வலிமைமிக்க காந்தம் செய்யலாம் என்னும் எண்ணம் இரண்டே ஆண்டுகளில் எழுந்தது. அவ்வெண்ணம் நிறைவேறக்கூடியது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதோ 1961இலேயே. இடையில் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

இத்தாமதத்துக்குப் பொருளின்மை காரணமன்று. பயன்படத்தக்க கலப்புலோகங்கள் சில முன்னரே ஆய்வுகூடங்களில் இருந்தன. தூய்மையே உலோகத்தின் மெய்யியல்பு, மாசும் குறையும் அம்மெய்யியல்பை மறைப்பன என்னும் நோக்கு ஒரு காரணம். ஆய்வாளர் குழுக்களுக்கிடையே அறிவுத்தொடர்பு அறுந்தமை மற்றொரு காரணம். மீகடத்திக் கம்பி மின்னோட்டத்தைச் சுமப்பது அதன் நுண்கட்டமைப்பில் உள்ள குறைகளின் வலிமையினாலேயே என்னும் உண்மை எவ்வாறு மெல்லமெல்ல உணரப்பட்டது என்பதையும், அவ்வுணர்வு வருவதற்கு யார்யாருடைய உழைப்பு வேண்டியிருந்தது என்பதையும் இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

2. லெய்டனும் தூய்மை என்னும் இலட்சியமும்

ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் காமர்லிங் ஒன்னெஸ் அமைத்த தாழ்வெப்பநிலை ஆய்வுகூடம் அக்காலத்து ஏனைய ஆய்வுகூடங்களினின்றும் வேறுபட்டது. தனியொரு பேராசிரியரும் அவருடைய இரண்டொரு மாணவரும் இயங்கிய சிறு அறையன்று அது. பம்பிகளும் குழாய்களும் நிறைந்த ஒரு தொழிற்சாலையையே அது ஒத்திருந்தது. கருவி செய்வோருக்கும் கண்ணாடி ஊதுவோருக்கும் பயிற்சி வழங்கும் பாடசாலையொன்று 1901இல் அதனோடு இணைந்து நிறுவனமாக உருப்பெற்றது. 1908ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி ஈலிய வாயு முதன்முதலாக இங்குத் திரவமாக்கப்பட்டபோது, அவ்வெற்றியின் பின்புலத்தில் கெரிற் பிளிம் என்னும் தொழில்நுட்பவியலாளரின் தலைமையில் இயங்கிய பட்டறை இருந்தது.

தனிப்பூச்சியத்தை அண்மிக்கும்போது உலோகத்தின் தடை என்னவாகும் என்பது அன்று விவாதத்துக்குரிய வினாவாக இருந்தது. பிளாற்றினத்தையும் பொன்னையும் குளிரூட்டி அளந்த ஒன்னெஸ், எஞ்சிநிற்கும் தடை உலோகத்தின் மாசுக்கேற்ப வேறுபடுவதைக் கண்டார். முற்றிலும் தூய உலோகம் கிடைக்குமாயின் அதன் தடை மறைந்துவிடும் என்பது அதிலிருந்து அவர் பெற்ற எதிர்பார்ப்பு. இரசத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்க முடியுமாதலால் அவர் அதனைத் தெரிந்தார். 1911ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி இரசத்தின் தடை அளவிடமுடியாதவாறு மறைந்தமை காணப்பட்டது. அளவீடுகளைச் செய்தவர் கில்ஸ் ஹொல்ஸ்ற் என்னும் இளம் ஆய்வாளர். ஆயின் வெளிவந்த அறிக்கையில் ஒன்னெஸின் பெயர் மட்டுமே காணப்பட்டது. ஆய்வுகூடம் தொழிற்சாலையின் வடிவைப் பெற்றபோது அதன் படிமுறை ஒழுங்கையும் உடன் பெற்றுக்கொண்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மேலும் ஆராய்ந்தபோது எதிர்பார்ப்பும் விளைவும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. தடை படிப்படியாகக் குறைந்து மறையவில்லை, ஏறத்தாழ 4.2 கெல்வின் வெப்பநிலையில் திடீரென மறைந்தது. பொன் கலந்து மாசுபடுத்திய இரசத்திலும் அது மறைந்தது. தூய்மையைத் தேடிய பாதை கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றதாயினும், கண்டறியப்பட்டது தூய்மையின் விளைவன்று. எனினும் தூய்மை பற்றிய நம்பிக்கை எளிதில் அகலவில்லை.

1913இல் சிக்காகோ நகரில் நடைபெற்ற குளிரூட்டல் பற்றிய அனைத்துலக மாநாட்டில் ஒன்னெஸ் 100,000 கவுசு வலிமையுடைய காந்தம் ஒன்றைப் பற்றிப் பேசினார். இன்றைய அலகில் இது 10 தெசுலாவாகும். செப்புச் சுருளைத் திரவ வளியினாற் குளிரூட்டி இத்தகைய காந்தத்தை ஆக்க முனையின் அதற்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டும் செலவு வேண்டியிருக்கும் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஈயக் கம்பியாலான மீகடத்திச் சுருள் அச்செலவைத் தவிர்க்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆயின் ஈயச் சுருள் எதிர்பார்த்த மின்னோட்டத்தைத் தாங்கவில்லை. கம்பியில் ஆங்காங்கே அமைந்த பழுதான இடங்களே காரணம் என முதலில் ஐயுறப்பட்டது. 1914இல் மெய்க்காரணம் புலப்பட்டது. ஏறத்தாழ 600 கவுசு அளவான காந்தமண்டலமே ஈயத்தின் மீகடத்து நிலையை அழித்துவிடுகின்றது. எதிர்பார்த்ததன் நூற்றிலொரு பங்கைக்கூட அக்கம்பி எட்டவில்லை. பழுது என்று ஐயுறப்பட்ட அதே பொருளே அரைநூற்றாண்டின் பின்னர் விடையாக அமைந்தது என்பதை இவ்வரலாற்றின் முதல் முரணாகக் கொள்ளலாம்.

3. பேர்லின், ஒக்ஸ்போட், கார்க்கோவ்

1930இல் லெய்டனில் டீ ஹாசும் வூக்டும் ஈயமும் பிசுமதும் கலந்த கலப்புலோகம் 2 தெசுலா அளவான காந்தமண்டலத்திலும் மீகடத்து நிலையை இழக்காதிருப்பதைக் கண்டனர். காந்தக் கனவு மீண்டும் உயிர்பெற்றது. ஆயின் பயன்படத்தக்க மின்னோட்டம் அக்கலப்புலோகத்தினூடே செல்ல மறுத்தமையால் அது மீண்டும் வாடியது. 1933இல் பேர்லினில் மைஸ்னரும் ஒக்சென்பெல்ட்டும், மீகடத்து நிலையை அடையும் உலோகம் தன்னுள்ளிருந்த காந்தப்பாயத்தை வெளியே தள்ளிவிடுகின்றது எனக் காட்டினர். தூய உலோகங்கள் இவ்வியல்பைச் செவ்வனே காட்டின. கலப்புலோகங்களோ காந்தப்பாயத்தின் ஒரு பகுதியைத் தம்முள் வைத்துக்கொண்டன.

அதே ஆண்டு நாசிகளின் ஆட்சி காரணமாக ஜேர்மனியை விட்டகன்று ஒக்ஸ்போட்டை அடைந்த கேட் மென்டெல்சோன், 1935இல் இதற்கொரு விளக்கம் தந்தார். கலப்புலோகம் சீரற்றது, அதனுள் மெல்லிய மீகடத்து இழைகள் கடற்பஞ்சின் வலைபோலப் பரந்துள்ளன, உயர்ந்த காந்தமண்டலத்தைத் தாங்குவன அவ்விழைகளே, காந்தப்பாயம் சிக்கிக்கொள்வது அவற்றின் இடைவெளிகளிலே என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதன்படி கலப்புலோகத்தின் சிறப்பியல்பு யாவும் அதன் சீர்கேட்டின் விளைவாகும். ஆகவே அடிப்படை ஆய்வுக்கு அது உகந்த பொருளன்று என்னும் எண்ணம் பரவியது. பௌதிகவியலாளர் பலர் தூய வெள்ளீயத்துக்கும் தூய ஈயத்துக்கும் திரும்பிச் சென்றனர்.

இவ்விளக்கத்தைச் சோதிப்பதற்குரிய நேர்வழி, சீர்கேடற்ற கலப்புலோகம் ஒன்றை ஆக்கிப் பார்ப்பதாகும். அதனைச் செய்தவர்கள் சோவியத் உக்ரேனின் கார்க்கோவ் நகரில் லெவ் ஷுப்னிக்கோவும் அவருடன் உழைத்த ஹொட்கேவிச், ஷெப்பெலெவ், ரியாபினின் ஆகியோரும் ஆவர். ஷுப்னிக்கோவ் 1926 முதல் 1930 வரை லெய்டனிற் பணியாற்றிவிட்டு நாடு திரும்பியவர். கார்க்கோவின் தாழ்வெப்பநிலை ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவர். ஈயத்தோடு தலியம் முதலியவற்றைக் கலந்து, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் பதப்படுத்தி, ஒரேசீரான தனிப் பளிங்குகளை அவர்கள் ஆக்கினர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் முடிவுகள் தெளிவானவை. சீர்கேடு நீங்கிய பின்னரும் கலப்புலோகம் உயர்ந்த காந்தமண்டலத்தில் மீகடத்தியாகவே இருந்தது. காந்தப்பாயம் ஒரு குறிப்பிட்ட காந்தமண்டலத்தில் உள்ளே புகத் தொடங்குகின்றது. அதனினும் மிகவுயர்ந்த மற்றொரு காந்தமண்டலத்திலேயே மீகடத்து நிலை முற்றாக அழிகின்றது. உயர்ந்த காந்தமண்டலத்தைத் தாங்கும் ஆற்றல் குறைபாட்டின் விளைவன்று, அப்பொருளின் சொந்த இயல்பு என்பது இதனாற் பெறப்பட்டது. இன்று இரண்டாம் வகை மீகடத்தி என வழங்கப்படுவது இதுவே.

1937இல் ஷுப்னிக்கோவ் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டுக் கைதுசெய்யப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 36. அவர் குற்றமற்றவர் என்பது ஸ்டாலினின் மறைவின் பின்னரே ஏற்கப்பட்டது. மனித விடுதலையை இலட்சியமாக அறிவித்த ஓர் அரசின் பெயராலேயே இக்கொலை நிகழ்ந்தது என்பதை முற்போக்கு நோக்குடையோர் மறைத்தலும் ஆகாது, சூழ்நிலை கூறி மெழுகுதலும் ஆகாது. ஓர் ஆய்வாளரோடு ஓர் ஆய்வுமரபும் வீழ்ந்தது. ஆய்வுகூடம் சிதைந்தது, கட்டுரைகளைத் தொடர்ந்து முன்னெடுத்துச் செல்ல வேண்டியவர் இல்லாமற் போனார்.

எனினும் முழுத் தாமதத்தையும் இக்கொலையின் மீது சுமத்துதல் வரலாற்று நோக்காகாது. கட்டுரைகள் அச்சேறியிருந்தன, மேற்கு நாடுகளில் அவற்றைப் பெறுவது இயலாததன்று. அவை பொருட்படுத்தப்படவில்லை என்பதே உண்மை. கடற்பஞ்சு விளக்கம் போதியதெனக் கருதப்பட்டமையும், அதனைத் தொடர்ந்து மூண்ட உலகப்போரும், பின்னர் எழுந்த கெடுபிடிப்போரும் அப்புறக்கணிப்பை நீடிக்கச் செய்தன.

4. குறையற்ற பளிங்கின் பயனின்மை

1950இல் கின்ஸ்பர்க்கும் லான்டவும் அமைத்த கோட்பாட்டிலிருந்து தொடங்கி, அலெக்சி அப்ரிகோசோவ் இவ்விரண்டாம் வகைப் பொருள்களை 1950களின் முற்பகுதியில் ஆராய்ந்தார். லான்டவின் உடன்பாடு உடனடியாகக் கிடைக்காமையால் அவ்வாய்வு 1957இலேயே வெளிவந்தது. தம் கணிப்பை ஒப்பிடுவதற்கு அப்ரிகோசோவ் கையாண்டவை இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஷுப்னிக்கோவ் குழுவினர் பெற்ற அளவீடுகளே. கொல்லப்பட்டவரின் தரவுகள் கோட்பாட்டுக்குச் சான்று பகர்ந்தன. அப்ரிகோசோவுக்கு இதன்பொருட்டு நோபல் பரிசு கிடைத்தது 2003இல்.

அப்ரிகோசோவின் ஆய்விலிருந்து விரிந்த படம் வருமாறு: காந்தப்பாயம் இப்பொருளினுள் பரவலாகப் புகுவதில்லை, மெல்லிய சுழல்களாகப் பிரிந்து புகுகின்றது. ஒவ்வொரு சுழலின் நடுவிலும் மீகடத்துதிறன் இழந்த ஒரு நுண்ணிய அகடு உண்டு. அதனைச் சுற்றி மின்னோட்டம் சுழல்கின்றது. ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப்பாயம் மாறாத ஓரளவினது. காந்தமண்டலம் வலுக்கும்போது சுழல்களின் தொகை கூடுகின்றது. அவை ஒன்றையொன்று தள்ளி ஒழுங்கான முக்கோண அமைப்பில் நிற்கின்றன. 5 தெசுலா காந்தமண்டலத்தில் இரு சுழல்களுக்கிடையேயான தூரம் ஏறத்தாழ 22 நனோமீற்றர் ஆகும்.

இனிக் கம்பியினூடே மின்னோட்டத்தைச் செலுத்துவோமாயின் என்ன நிகழும்? காந்தமண்டலத்தில் வைக்கப்பட்ட மின்சுமக்கும் கடத்தியின் மீது விசை தாக்குவது போல, மின்னோட்டம் சுழல்களைப் பக்கவாட்டிற் தள்ளுகின்றது. சுழல்கள் அசைந்தால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் தோன்றினால் வெப்பம் பிறக்கும். வெப்பம் பிறப்பின் தடை மீண்டுவிட்டது என்பதே பொருள். முற்றிலும் குறையற்ற பளிங்கில் சுழல்களைத் தடுத்து நிறுத்துவது எதுவும் இல்லை. ஆகவே அது எத்துணை உயர்ந்த காந்தமண்டலத்தைத் தாங்கினும், அம்மண்டலத்துக்குக் குறுக்கே நட்டமின்றி மின்னோட்டத்தைச் சுமக்க இயலாது. ஷுப்னிக்கோவின் தூய பளிங்கு உண்மையை அறிவதற்கு உதவியது. காந்தம் சுற்றுவதற்கு அது உதவாது.

குறையுள்ள பொருளிலோ நிலைமை வேறு. மீகடத்துதிறன் இல்லாத ஒரு நுண்துணிக்கை கம்பியினுள் இருப்பதாகக் கொள்வோம். சுழலின் அகட்டை உண்டாக்குவதற்குச் சக்தி செலவாகின்றது; அத்துணிக்கையின் மீது சுழல் அமையுமாயின் அச்செலவு மிஞ்சுகின்றது. எனவே சுழல் அங்கேயே தங்க விரும்பும். அதனைப் பெயர்க்க விசை வேண்டும். முளையிற் கட்டிய மாடு கயிற்றை அறுக்கும்வரை நகராதது போலச் சுழலும் நகராது நிற்கும். இதுவே காந்தப்பாயப் பிணிப்பு எனப்படும். சுழலின் அகடு நியோபியம் தைத்தேனியக் கலப்புலோகத்தில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் அகலமுடையது. குறைகள் அவ்வளவுக்கு ஒத்த பருமனுடையனவாயும், சுழல்களின் தொகைக்கு ஈடாகச் செறிந்தனவாயும் அமையும்போது பிணிப்பு வலுப்பெறும்.

இவ்விடத்து இரு வினாக்களை வேறுபடுத்திக் காணுதல் இன்றியமையாதது. ஒரு மீகடத்தி எத்துணைக் காந்தமண்டலத்தைத் தாங்கும் என்பது ஒரு வினா. அம்மண்டலத்தில் அது எத்துணை மின்னோட்டத்தைச் சுமக்கும் என்பது மற்றொரு வினா. முன்னதைத் தீர்மானிப்பது பொருளின் அடிப்படை இயல்பு. பின்னதைத் தீர்மானிப்பது அதன் நுண்கட்டமைப்பு. மென்டெல்சோன் முன்னதற்கும் குறைகளையே காரணமாகக் கூறியது பிழை. ஆயின் காந்தப்பாயம் குறைகளிற் சிக்குகின்றது என்ற அளவில் அவருடைய கூற்றில் ஓருண்மை இருந்தது. இவ்விரு வினாக்களும் ஒன்றாகக் குழம்பியிருந்தமையே முப்பதாண்டு மயக்கத்தின் வேர் எனலாம்.

5. பட்டறையின் அறிவு

பொற்கொல்லரின் பட்டறையில் கம்பியச்சினூடே பொன்னை இழுக்கும்போது அது இறுகிக் கடினமாகின்றது. மீண்டும் நெருப்பிலிட்டுப் பதப்படுத்தினால் இளகுகின்றது. உலோகத்தின் அக அமைப்பைக் குலைப்பதும் சீராக்குவதும் தொழிலாளி தொன்றுதொட்டு அறிந்த செயல்களே. இந்த அறிவே மீகடத்திக் கம்பியின் வரலாற்றையும் திருப்பியது.

அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் இந்தெமா 1954இல் நியோபியக் கம்பியை இரும்பு அகட்டின் மீது சுற்றி 0.7 தெசுலா அளவான காந்தத்தை இயக்கினார். பதப்படுத்தப்பட்ட கம்பியிலும், குளிர்நிலையில் இழுத்து இறுகிய கம்பியே மிகுந்த மின்னோட்டத்தைச் சுமந்தது. இழுத்தலால் விளைந்த குலைவே அதன் காரணம். 1955இல் இம்முடிவு சுருக்கமாக வெளிவந்தபோது அதனைக் கவனித்தோர் மிகச் சிலரே. அவருக்கு விளக்கம் தரக்கூடிய கோட்பாடு மொஸ்கோவில் வெளிவராது கிடந்தது. கோட்பாட்டுக்கு வேண்டிய கம்பி இல்லினோயில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் குன்ஸ்லரும் அவர்தம் குழுவினரும் சந்திப்புக்கு வழிவகுத்தனர். நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்வை 18 கெல்வின் வெப்பநிலையிலேயே மீகடத்தியாகும் என்பதை மத்தியாஸ் குழுவினர் 1954இல் அங்குக் கண்டிருந்தனர். ஆயின் அச்சேர்வை மட்பாண்டம் போல நொறுங்குவது. அதனைக் கம்பியாக இழுக்க இயலாது. இதற்கு அவர்கள் கண்ட வழி பட்டறை வழியே. நியோபியக் குழாயினுள் இரு உலோகங்களின் தூளையும் நிரப்பினர். குழாயோடு சேர்த்து இழுத்து மெலிவித்தனர். பின்னர் உயர்ந்த வெப்பநிலையிற் சுட்டுச் சேர்வையை உள்ளேயே உண்டாக்கினர். அக்கம்பி 8.8 தெசுலா காந்தமண்டலத்தில், 4.2 கெல்வின் வெப்பநிலையில், சதுர சென்ரிமீற்றருக்கு 100,000 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைத் தடையின்றிச் சுமந்தது. அதாவது சதுர மில்லிமீற்றருக்கு 1,000 அம்பியர். வீட்டு மின்கம்பியில் அதே பரப்பினூடே செல்வது சில அம்பியரே.

அதன்பின் விளக்கங்கள் விரைந்து வந்தன. 1962இல் சார்ல்ஸ் பீன் பிணிப்பின் விளைவான மின்னோட்டப் பரம்பலை எளியதொரு மாதிரியால் விளக்கினார். அதே ஆண்டு பிலிப் அன்டர்சன், வெப்ப அசைவினாற் சுழற்கூட்டங்கள் பிணிப்பினின்று நழுவி ஊர்வதை ஆராய்ந்தார். களத்திற் குவித்த நெல் ஒரு சரிவிலே நிற்பதற்கு மணிகளுக்கிடையேயான உராய்வு காரணமாதல் போல, கம்பியினுள் காந்தப்பாயம் சரிவாக நிற்பதற்குப் பிணிப்பே காரணம். அச்சரிவின் செங்குத்தே கம்பி சுமக்கும் மின்னோட்டத்தின் அளவு.

நெற்குவியல் சிலவேளை திடீரெனச் சரிவது போலக் காந்தப்பாயமும் திடீரெனப் பாய்ந்து கம்பியைச் சூடேற்றியது. தடித்த கம்பியில் இத்துன்பம் மிகுதி. 1960களின் பிற்பகுதியில் பிரித்தானியாவின் றதபோட் ஆய்வுகூடத்தினர், மீகடத்தியை மயிரிலும் மெல்லிய இழைகளாக்கிச் செம்பினுள் பொதிந்து முறுக்கும் முறையை வளர்த்து இதற்குத் தீர்வு கண்டனர்.

6. பாவோஜியிலிருந்து வந்த கம்பி

நியோபியமும் தைத்தேனியமும் கலந்த கலப்புலோகம் நொறுங்குவதன்று. செம்போடு சேர்த்து எளிதில் இழுக்கத்தக்கது. ஆகவே 1960களின் பிற்பகுதியிலிருந்து காந்தத் தொழிலில் அதுவே மேலோங்கியது. 1983இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்காவின் தெவத்ரோன் துணிக்கை முடுக்கிக்கு வேண்டப்பட்ட கம்பி, 5 தெசுலாவில் சதுர மில்லிமீற்றருக்கு 1,800 அம்பியர் சுமப்பதாக இருந்தது. இவ்வளவே நடைமுறையில் பெறத்தக்கது எனப் பலர் எண்ணியிருந்தனர்.

அதே 1983இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் உள்ள பாவோஜி நகரத்து உலோக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லீ செங்ரென், வூ சியாவோசூ, சோ நோங் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் ஆக்கிய கம்பி 5 தெசுலாவில் 3,500 அம்பியர் அளவை எட்டியது. பெரும் மூலதனமும் நீண்ட ஆய்வுமரபும் கொண்ட மேற்கு நாட்டுத் தொழிற்சாலைகள் எட்டாத அளவு அது. கம்பியைப் பலமுறை சூடேற்றுவதும், சூடேற்றல்களுக்கிடையே இழுப்பதும், இறுதியில் மேலும் வலிந்து இழுப்பதும் அவர்களுடைய முறை. மறைபொருள் எதுவும் அதில் இல்லை. படிகளின் ஒழுங்கும் பொறுமையுமே அதன் நுட்பம்.

இதன் காரணத்தை நுணுக்குக்காட்டியால் துலக்கியவர்கள் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் லார்பலெஸ்ரியரும் அவருடன் உழைத்தோரும் ஆவர். கம்பியை இழுக்கும்போது பளிங்கினுள் தோன்றும் குலைவுகளின் சுவர்களே சுழல்களைப் பிணிக்கின்றன என்பது முன்னைய கருத்து. 1984இல் லார்பலெஸ்ரியரும் வெஸ்ற்றும் கம்பியின் குறுக்குவெட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, சூடேற்றும்போது கலப்புலோகத்தினின்று பிரிந்து படியும் தைத்தேனிய வீழ்படிவுகளே முதன்மையான பிணிப்பிடங்கள் எனக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் இப்படத்தை முழுமையாக்கின. ஏறத்தாழ 375 முதல் 420 பாகை செல்சியசில் பல பத்து மணித்தியாலங்கள் சூடேற்றும்போது மணிகளின் எல்லைகளில் தைத்தேனியம் படிகின்றது. மும்முறை அவ்வாறு செய்தால் கம்பியின் கனவளவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் அவ்வீழ்படிவே அமையும். இறுதி இழுப்பு அவற்றைத் தட்டி மடித்து, சில நனோமீற்றர் தடிப்பும் சில நனோமீற்றர் இடைவெளியும் கொண்ட நாடாக்களாக்குகின்றது. காந்தச் சுழலின் அகட்டோடு ஒத்துப்போகும் அளவு அதுவே.

குறைகளை இவ்வாறு ஒழுங்காக விதைப்பதற்குத் தொடக்கக் கலப்புலோகம் முற்றிலும் ஒரேசீரானதாக இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. கலவை ஓரிடத்து மிகுந்தும் ஓரிடத்துக் குறைந்தும் இருப்பின் வீழ்படிவுகள் தாறுமாறாகத் தோன்றிக் கம்பியை இழுக்கமுடியாதவாறு கெடுத்துவிடும். தூய்மை இங்கு மறுக்கப்படவில்லை; அதன் இடமே மாறிவிட்டது. முன்னர் முடிவாகக் கருதப்பட்ட தூய்மை இப்பொழுது தொடக்கமாயிற்று.

1987இல் லீ செங்ரெனும் லார்பலெஸ்ரியரும் இணைந்து எழுதிய கட்டுரை 3,600 அம்பியருக்கு மேற்பட்ட அளவை அறிவித்தது. ஒருவருடைய கம்பியும் மற்றவருடைய நுணுக்குக்காட்டியும் ஒரே கட்டுரையிற் சந்தித்தன. இந்தெமாவுக்கும் அப்ரிகோசோவுக்கும் கிடைக்காத சந்திப்பு இது. அமெரிக்காவிற் கட்டத் திட்டமிடப்பட்ட மாபெரும் முடுக்கிக்கு 2,750 அம்பியர் சுமக்கும் கம்பி வேண்டப்பட்டமைக்கு இம்முன்னேற்றமே ஆதாரம். அத்திட்டம் 1993இல் கைவிடப்பட்டது, அறிவு கைவிடப்படவில்லை. ஜெனீவா நகரத்து அருகே 27 கிலோமீற்றர் சுற்றளவில் 2008இல் இயக்கப்பட்ட முடுக்கியின் 1,232 வளைக்கும் காந்தங்கள், 7 மைக்கிரோமீற்றர் அளவான நியோபியம் தைத்தேனிய இழைகளைக் கொண்டு 8.33 தெசுலா காந்தமண்டலத்தைத் தருமாறு அமைக்கப்பட்டன. மருத்துவமனைகளில் நோயாளரின் உடலகத்தைக் காட்டும் காந்தக் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் சுற்றப்பட்டிருப்பதும் இவ்வினக் கம்பியே.

7. குறை எப்பொழுதும் நிறையாகாது

இதுவரை கூறியவற்றைக் கொண்டு குறை யாவும் நன்மை பயப்பன என்று கொள்ளுதல் தவறாகும். நியோபிய வெள்ளீயக் கம்பியில் சுழல்களைப் பிணிப்பன பளிங்கு மணிகளின் எல்லைகள். ஆகவே அதனைத் தேவைக்கு மேற் சூடேற்றாது மணிகளைச் சிறியனவாக வைத்திருப்பது தொழில்முறை. ஆயின் 1986இல் பெட்னோர்சும் மியுல்லரும் கண்டறிந்த செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளில் இதே மணியெல்லைகள் மின்னோட்டத்துக்கு அணையாகின்றன. அடுத்தடுத்த மணிகளின் திசை சில பாகைகளுக்கு மேல் வேறுபடுமாயின் எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் பெரிதும் வீழ்கின்றது என்பது 1988இல் நிறுவப்பட்டது. எனவே அப்பொருள்களில் மணிகளை ஒரேதிசைப்படுத்துவதற்குப் பெருமுயற்சி வேண்டியதாயிற்று. அவ்வாறு ஒழுங்குபடுத்திய பின்னர், பிணிப்பின் பொருட்டு வேறொரு சேர்வையின் நுண்துணிக்கைகளை வேண்டுமென்றே உள்ளே புகுத்தும் முறை 2004 முதல் சிறந்த பயன் தந்துள்ளது.

ஒரு பொருளில் துணையாகும் குறை மற்றொரு பொருளிற் பகையாகின்றது. குறைக்கும் சுழலின் அகட்டுக்கும் இடையேயுள்ள அளவுத்தொடர்பே அதனைத் தீர்மானிக்கின்றது. குறை, நிறை என்பன பொருளின் மாறாத குணங்கள் அல்ல. ஒன்றோடொன்று கொள்ளும் உறவிலேயே அவை பொருள்பெறுகின்றன.

8. முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிபுகள் இரண்டு. முதலாவது, அறிவுநோக்குப் பற்றியது. இலட்சிய வடிவமே உண்மை, அதனின்று விலகுவன யாவும் இழுக்கு என்னும் நோக்கு ஒரு கட்டம்வரை ஆய்வுக்கு வழிகாட்டும். அதன்பின் அதுவே தடையாகும். மாசினை நீக்க முயன்ற காலத்தில் மீகடத்துதிறன் கண்டறியப்பட்டது. மாசின் தொழிற்பாட்டைக் கேள்விக்குட்படுத்திய காலத்திலேயே அது பயன் தந்தது.

இரண்டாவது, உழைப்புப் பற்றியது. இக்கம்பியின் ஒவ்வொரு மில்லிமீற்றரிலும் இழுத்தலும் சுடுதலுமாகிய மனித உழைப்பு பதிந்துள்ளது. அதன் வலிமை அவ்வுழைப்பின் பதிவேயன்றி வேறன்று. கோட்பாடு தனித்து நின்ற பொழுது அது கம்பியை அறியவில்லை. பட்டறை தனித்து நின்ற பொழுது அது தன் வெற்றியின் காரணத்தை அறியவில்லை. இரண்டையும் பிரித்துவைத்தவை கொலையும் போரும், நாடுகளின் எல்லைகளும், ஆய்வுகூடத்துள்ளேயே நிலவிய மேல்கீழ் ஒழுங்குமாம். லெய்டனில் அளந்தவரின் பெயர் அறிக்கையில் இடம்பெறவில்லை. கார்க்கோவில் உண்மையைக் கண்டவர் வாழவிடப்படவில்லை. இல்லினோயிற் செய்துகாட்டியவர் கவனிக்கப்படவில்லை. ஐம்பதாண்டுத் தாமதத்தின் விலையைக் கணக்கிடுவோர், குளிரூட்டல் செலவோடும் உலோகத்தின் விலையோடும் இவற்றையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.